கார்க் கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி

அன்பு மகள் ஷமீனாவுக்கு அத்தா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் நம் நிஹாலும் அந்தக் குளிர் நாட்டில் காய்ச்சல் தலைவலி ஏதும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். உன் அம்மாவுக்கு மழை தொடங்கியதிலிருந்து முட்டி வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மாடி ஏறுவதில்லை, ஆனால் அடுப்படியை யாருக்கும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. கடையில் சாக்கு வியாபாரம் மந்தம், கர்க்கடக மாத மழை அப்படித்தான். தினமும் போனில் பேசிக்கொண்டு இருக்கும்போது காகிதத்தில் எதற்கு எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன், ஒவ்வொரு தடவையும் நீ பிள்ளையின் முகத்தைக் காட்டினாய், அவனைப் பார்த்துவிட்டு அப்படியே போனை வைத்துவிட்டேன். உன் கூட வேலை பார்க்கும், நம் கொச்சி தேவராவைச் சேர்ந்த பெண்ணின் தாய் தகப்பன் உங்கள் ஊருக்குப் புறப்படுகிறார்களாம், அவர்கள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு, மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல எழுத்துக் கூட்டிப் படி. 

ஷமீனா, பக்கத்து வீட்டு ஸ்வர்ணலதா மாமி இப்போது இல்லை. நீ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்த அந்த வாரம் அவர் இறந்துபோனார். நாற்பது நாள் கழியட்டும், பச்சை உடம்பு, பால் வற்றிவிடும் என்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதால் உன்னிடம் மறைத்தோம். மாமி ஏன் பதில் போடுவதில்லை, என் மேல் கோபமா என்று நீ கேட்டபோதெல்லாம் போன் பழுதாம் என்று சொன்னோமே, அது பொய். நீ அனுப்பிய பிள்ளைப் படங்கள் எல்லாம் அந்தப் போனில் வந்து விழுந்திருக்கின்றன, போன் இப்போது ராமபத்ரன் மாமாவிடம் இருக்கிறது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த உனக்கு அடுக்களையில் உட்கார வைத்து அ, ஆ எழுதப் பழக்கியவர் அவர், இந்தக் கடிதத்தை நீ வாசிப்பதே அவர் புண்ணியத்தில்தான். இறந்தது நோயில் இல்லை. கார் தட்டிவிட்டது. அந்தக் கார் நம்முடையது, ஓட்டியது உன் அண்ணன் ஷமீல். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

ரஹீனா மதினிக்கு வந்திருக்கும் நோயைப் பற்றி நர்ஸான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் பட்டால் மூட்டெல்லாம் வீங்கி, இரண்டு கன்னத்திலும் சிவந்து தடித்துப் போகும். போன வருஷம் டாக்டர் வெயிலே படக்கூடாது என்று சொன்னதும் வீட்டை விட்டு இறங்குவதை நிறுத்திவிட்டாள். அப்போது ஷமீல் விசாரித்து, காரின் கண்ணாடிகளில் பிலிம் ஒட்டினால் வெயிலின் கெடுதல் உள்ளே வராது என்று தெரிந்துகொண்டு டாக்டரிடமும் கேட்டான். அவரும் நல்லது, ஆனால் கறுப்பு எதற்கு, கெடுப்பது வெளிச்சம் இல்லை, நிறமே இல்லாத பிலிம் போதும் என்று சொல்லியிருக்கிறார். தோப்பும்படியில் ஒரு கடையில் முதலில் அதைத்தான் ஒட்டினார்கள். முன்னாலும் பின்னாலும் நூற்றுக்கு எழுபது பங்கு, பக்கத்தில் ஐம்பது பங்கு வெளிச்சம் கடந்து வர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம், அதற்கு உட்பட்டது என்று ரசீதும் கொடுத்தார்கள். ஒரு மாதம் போயிருக்கும், ஒரு நாள் பார்த்தால் பக்கக் கண்ணாடிகள் எல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கின்றன. என்னடா இது என்று கேட்டேன். சாரமில்ல அத்தா, பரவால்ல, ரஹீனா வெளிய வர்றாளே, அது போதும் என்றான். தேவராப் பக்கம் போலீஸ் நிறுத்தி அபராதம் போட்டு, அங்கேயே ஒரு கண்ணாடியை உரிக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்து மறுபடி ஒட்டினான். நானும் உன் அம்மாவும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த மாதங்களில் ரஹீனா சிரித்தாள். கடற்கரைக்குப் போய்க் காருக்குள் இருந்தபடியே கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு வந்து உன் அம்மாவிடம் கதை கதையாகச் சொல்வாள். அதைக் கேட்டபின் அவனைத் திட்ட யாருக்கு மனசு வரும்.

மாமிக்கு மட்டும் அந்தக் கண்ணாடி பிடிக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கா இல்லையான்னே தெரியலையே தாவூது, நான் பாட்டுக்குக் கையக் காட்டிண்டு நிக்கறேன் என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். ரஹீனாவின் முகம் அப்படி ஆன பிறகு தெருவில் இருந்து மாடி ஏறி வந்து அவளோடு உட்கார்ந்து பேசியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வந்தால் வந்த வேகத்தில் கன்னத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் தரையைப் பார்ப்பார்கள்.

அது நடந்த அன்று சாயங்காலம் நல்ல மழை. சுள்ளிக்கல்லில் ரஹீனாவின் மருந்தை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் திரும்பி வருகிறார்கள். சரக்குக் கிட்டங்கி ஓரமாக நம் சந்துக்குள் இடப்பக்கம் திரும்பும் இடம் உனக்குத் தெரியும், ஒரு கார் நுழைந்தால் ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வேகம் ஒன்றும் இல்லை, ஷமீல் ஊர்ந்துதான் திருப்பியிருக்கிறான். மாமி குடையோடு அந்தப் பக்கத்திலிருந்து சந்தைக் கடக்க இறங்கியிருக்கிறார். இடப்பக்கக் கண்ணாடியில் மழைத் தண்ணீர், அதற்குள் அந்தக் கறுப்பு, வெளியிலோ இருட்டிக்கொண்டு வரும் நேரம். அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. காரின் முனை தட்டி விழுந்தவரின் தலை சாக்கடை ஓடைக் கல்லில் மோதிவிட்டது. அதே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பின் சீட்டில் மாமியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரஹீனா போனாள். மறுநாள் மதியம் லுஹர் நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மாமியைச் சேர்த்த அன்று ராத்திரி ஆஸ்பத்திரிக்கு வெளியே நானும் ஷமீலும் நிற்கும்போது வண்டி புரோக்கர் தங்கதுரை விஷயம் கேட்டு ஓடி வந்தான். நல்லதுக்குத்தான் சொன்னான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். போலீஸ் வண்டியப் பாக்க வர்றதுக்குள்ள பிலிமை உரிச்சுடலாம், ஒரு பிளேடு போதும், மழையில குறுக்க வந்துட்டாங்கன்னு சொன்னா கேஸு லேசாப் போயிடும் என்றான். ஷமீல் பித்துப் பிடித்தவன் மாதிரி தலையாட்டிக்கொண்டு அவன் பின்னால் காரை நோக்கிப் போனான். நான் டேய் என்று கூப்பிடுவதற்குள் ரஹீனா உள்ளே இருந்து வந்துவிட்டாள். உடுப்பெல்லாம் ரத்தம். தங்கதுரை கையிலிருந்த பிளேடைப் பிடுங்கிக்கொண்டு, அதைத் தொடாதீங்க என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, மாமா, இந்தக் கறுப்பு வெயிலுக்கு இல்ல, வெயிலுக்கு முதல்ல ஒட்டினதே போதும், என் மொகத்த ஆளுங்க பாக்குறாங்க, எனக்குக் கறுப்பாப் போட்டுத் தாங்கன்னு நான்தான் அழுதேன் என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் சொன்னாள். அந்தத் திருப்பத்துல எப்பவும் கண்ணாடிய இறக்கிப் பாத்துட்டுத்தான் திருப்புவாங்க, இன்னைக்கும் இறக்கட்டுமான்னு கேட்டாங்க, சாயாக்கடையில ஆளுங்க நின்னாங்க, வேண்டாம்னு சொன்னேன், இறக்கியிருந்தா மாமி என் கைக்கெட்டுற தூரத்துல இருந்திருப்பாங்க. இதைச் சொல்லிவிட்டு அவள் அழவில்லை ஷமீனா. உன் அண்ணன்தான் மழைத் தண்ணீர் தேங்கிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து போய்ப் போலீஸிடம் உள்ளதை உள்ளபடி சொன்னான். எந்த பிலிம், முன்பு அபராதம் கட்டியது, திரும்ப ஒட்டியது எல்லாம் சொன்னான்.

பெங்களூரிலிருந்து மாமியின் மகன் சங்கர்ராம் வந்தான். காரியங்கள் முடியும்வரை இருந்தான். கிளம்பும் அன்று நம் வாசலில் நின்று, பாக்கறதுக்குத்தானே கண்ணாடி வெச்சிருக்கு, அதையும் அடைச்சுண்டு ஓட்டினா என்ன அர்த்தம், சொல்லுங்கோ என்று கேட்டான். கத்தவில்லை, சின்னப் பிள்ளையில் நம் வீட்டில் தண்ணீர் கேட்கும் குரலில்தான் கேட்டான். ராமபத்ரன் சாமியிடம் நான் இரண்டு தடவை போனேன். இரண்டாவது தடவை அவர் கதவைப் பாதி திறந்து, தாவூது, உங்க மேல எனக்குக் கோபம் இல்லை, ஆனா கொஞ்ச நாள் வராதீங்கோ, உங்களப் பாத்தா உங்க பிள்ளை ஞாபகம் வரது என்றார். அதற்கு மேல் நான் போகவில்லை. தெருவில் எதிரில் வந்தால் அவர் தலையைக் குனிந்துகொள்கிறார், நானும் குனிந்துகொள்கிறேன். இத்தனை வருஷம் ஒரே சுவரின் இரண்டு பக்கம் இருந்துவிட்டு இப்படிப் போவது பழகவே மாட்டேன் என்கிறது.

கேஸ் கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. லைசென்ஸைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வக்கீல் வாதாடிப் பார்க்கலாம் என்கிறார், ஷமீல் வேண்டாம், செய்ததை ஒத்துக்கொள்கிறேன், என்ன விதித்தாலும் சரி என்கிறான். ஜெயில் இருக்குமா என்று உன் அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள், தெரியாது என்று தினமும் சொல்கிறேன். வேலைக்குப் படகில் போய்ப் படகில் வருகிறான். சோறு போட்டால் தின்கிறான், போடாவிட்டால் கேட்பதில்லை. உன் போனை எடுக்காததற்கு இதுதான் காரணம், உன் மேல் ஒன்றும் இல்லை. காரை ஸ்டேஷனில் இருந்து விட்ட அன்று அவனே உட்கார்ந்து எல்லாக் கண்ணாடியிலும் இருந்ததைச் சுரண்டி எடுத்தான், பசை போகாமல் அங்கங்கே திட்டாக நிற்கிறது. கிட்டங்கி முற்றத்தில் நிற்கிறது கார், யாரும் தொடுவதில்லை. நீ லீவு முடிந்தால் ராத்திரி டூட்டிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போவாய். மழையும் பனியும் உள்ள ஊர், கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிட்டு எடு, சந்தேகமாக இருந்தால் இறக்கிப் பார், குளிர்ந்தால் குளிரட்டும். அழகுக்கு என்று மாப்பிள்ளை எதையும் ஒட்டச் சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

போன வெள்ளிக்கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஜும்ஆ முடிந்து வருகிறேன், மழை விட்டு வெயில் அடிக்கிறது. ரஹீனா முழுக்கை உடுப்பும் குடையுமாக, முகத்தை மூடாமல் படியிறங்கித் தெருவில் போகிறாள். சாயாக்கடைக்காரர்கள் பார்த்தார்கள், அவளும் அவர்களைப் பார்த்துக்கொண்டே போனாள். நேரே போய் ராமபத்ரன் சாமி வீட்டுக் கதவைத் தட்டினாள். எனக்குப் பாதி திறந்த கதவை அவளுக்கு முழுதாகத் திறந்தார். உள்ளே நடந்ததை அவளே வந்து சொன்னாள். பிளேடு பிடுங்கின அன்று என்னிடம் சொன்னது அத்தனையும் அவரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நீதானே மடியில வெச்சிண்டு போனே, அவ ஏதாவது சொன்னாளா என்று மட்டும் கேட்டிருக்கிறார். இத்தனை நாளும் அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை, எங்களுக்கே தெரியாது. சொன்னாங்க சாமி, வலிக்குதுன்னு சொல்லல, அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டிருக்கேன், அவர் மறந்துடுவார், எடுத்து அரைக்கச் சொல்லுன்னுதான் சொன்னாங்க, அப்புறம் கண்ணைத் திறக்கல என்று ரஹீனா சொல்லியிருக்கிறாள். அவர், எல்லாம் முடிஞ்சு ஆத்துக்கு வந்து பாத்தேன், புளிச்சு நுரைச்சுக் கிடந்தது, ஓடையில கொட்டிட்டேன் மோளே, கொட்டிட்டேன் என்று சொல்லி வாய்விட்டு அழுதாராம். மனைவி போனபின் அவர் அழுது இந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் அழுதிருக்கிறார்கள்.

இனி நீயும் அழு, அழுதுவிட்டு முகம் கழுவு, பிள்ளை விழித்துக்கொள்வான். அண்ணனைத் திட்டாதே, விதி என்று ஆறுதலும் சொல்லாதே, இரண்டும் அவனுக்குத் தாங்காது. ரஹீனாவை வீடியோவில் கூப்பிடு, முகத்தைக் காட்டித்தான் பேசுவாள், நீயும் பார்த்துப் பேசு. நிஹாலுக்கு நெற்றியில் ஒரு முத்தம். அல்லாஹ் உங்கள் மூவரையும் கண்ணுக்குத் தெரியும் ஆபத்திலிருந்தும் தெரியாத ஆபத்திலிருந்தும் காப்பானாக, ஆமீன். ஜுரமருந்து வீட்டில் தீராமல் பார்த்துக்கொள்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அத்தா தாவூது
(அம்மா ஹாஜரா பக்கத்தில் இருக்கிறாள், எழுத ஒன்றும் இல்லையாம், காகிதத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் தந்தாள்.)