‘ங்க’ விட்டுப்போன பதில்

என் கண்ணு பிரபுவுக்கு,

நீ கட்டிய அந்த இணையப் பக்கம் இன்னமும் இருக்கிறது. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த இடத்தில், நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிற இந்த நாளிலும், தட்டினால் திறக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அடியில் ஒரு எண் வைத்தாயே, நீ இருந்தபோது அது பதினேழு. இன்று காலை நாற்பத்திரண்டு. நான் திறந்தது பத்துத் தடவை இருக்கும். மற்றதெல்லாம் யார் கண்ணு?

இதை வெளியாட்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சிங்காநல்லூரில் நான் சொல்லிக்கொடுக்கிற கம்ப்யூட்டர் சென்டரில்தான் நீ கவிதாவைப் பார்த்தாய். கொடுமுடிப் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பெண், ஹாஸ்டலில் தங்கி ஆறு மாதம் படிக்க வந்தவள். நம் ஊரில் எல்லாரும் ‘ங்க’ போட்டுப் பேசுகிறவர்கள்தான். ஆனால் இவள் மானிட்டருக்கே போடுவாள். “தப்பா அமுக்கிப்போட்டேனுங்க, மன்னிச்சுக்குங்க” என்று அதைப் பார்த்துச் சொல்லுவாள். பின்வரிசையில் நீ சிரித்துச் சாவாய். சாவாய் என்று இப்போது எழுதவே கை கூசுகிறது.

நேரில் கேட்க உனக்கு வாய் வரவில்லை. கடுதாசி போட்டால் அவர்கள் வீட்டில் பிரிப்பார்கள் என்று பயம். மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து நீ அந்தப் பக்கத்தைக் கட்டினாய். ஒரு குட்டி பஸ். அதைத் தட்டினால் சிங்காநல்லூரில் கிளம்பும். பல்லடத்தில் நின்றால் அவளைப் பற்றி ஒரு வரி, காங்கேயத்தில் இன்னொரு வரி. எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் எழுத்து வராது என்று ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்திருந்தாய். கடைசியாகக் கொடுமுடியில் நிற்கும்போது ஒரு கேள்வி வரும்: “நீங்க சொல்ற ஞாயித்துக்கிழமை படித்துறைக்கு வாரேனுங்க. நீங்க வாரீங்களா?” அதற்குக் கீழே பதில் எழுத ஒரு கட்டம். அதில் அடித்தது நம் சென்டர் மெயிலுக்கு வந்துவிடும்.

உன் பஸ் காங்கேயத்தைத் தாண்டவே மாட்டேன் என்றது. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது, நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அதைக் கண்டுபிடித்தவளுக்கு, பின்னால் விட்டுப்போன ரெண்டு எழுத்து கண்ணில் பட்டும் புத்தியில் ஏறவில்லை.

கடைசி வகுப்பன்று பக்கத்தின் முகவரியை அவள் நோட்டின் பின்னட்டையில் எழுதினாய். ஈரோட்டுக்குப் போகும்போது பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அவள் ஊருக்குப் போனாள். மூன்றாவது வாரம் பதில் வந்தது. மேலே கவிதா என்று பேர். கீழே, “இந்த ஞாயிறு வாரேன். தனியா வா.”

“அக்கா, பாருக்கா. ‘வா’ன்னு கூப்புட்டிருக்கா.”

“‘ங்க’ எங்கடா போச்சு?”

“அவளே எடுத்துப்போட்டா போலிருக்குது.”

“அப்பச் சரி, பொண்ணு கேட்டுப் போக வேண்டியதுதான். அம்மாகிட்டச் சொல்லிப்போடறேன்.”

சொன்னது நான்தான். கவிதா இப்படி எழுதமாட்டாளே என்று ஒரு நிமிஷம் உறைத்தது. உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன். ‘ங்க’ போனால் நெருக்கம் வந்தது என்றுதானே நாமெல்லாம் நினைப்போம்? வேறு ஆள் வந்திருக்கலாம் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

ஞாயிற்றுக்கிழமை தனியாகவே போனாய். செவ்வாய்க்கிழமை உன்னை ஆற்றில் எடுத்தார்கள். குளிக்கும்போது வழுக்கிவிட்டது என்று போலீஸில் எழுதினார்கள். வாய்க்கால் தண்ணீரில்கூடக் கணுக்காலுக்கு மேல் இறங்காதவன் நீ. பேன்ட்டும் ஷூவும் வாட்சுமாகவா குளிக்கப் போவாய்? அந்தப் பதிலை அச்செடுத்துக்கொண்டு போய் அதிகாரியிடம் காட்டினேன். அவர் வெளியூர்க்காரர். ‘ங்க’ இல்லை சார், இது அவள் எழுதியதில்லை என்றேன். அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார்.

உன்னைக் கிடத்தியிருந்த அன்று ஒருத்தன் வந்தான். வெள்ளைச் சட்டை, முப்பது வயது இருக்கும். “கவிதாவோட அண்ணன்” என்றான். உன் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றான். எழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார்கள், சும்மா எழுந்து போவார்கள். அவன் வாசலில் திரும்பி, என் கண்ணைப் பார்த்து, “வாரேன்” என்றான். பக்கத்தில் இருந்த பெண்கள் திடுக்கிட்டுப் போனார்கள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். உன் இணையப் பக்கத்துக்கு வந்த பதிலில் படித்த அதே வார்த்தையை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன் கண்ணு.

அதற்குப் பிறகு கவிதாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டோடு அடைத்து வைத்திருக்கிறார்களா, யாரைக் கேட்பது?

நேற்று மத்தியானம் உன் இணையப் பக்கத்திலிருந்து ஒரு பதில் வந்தது. ஒரே வரி. “அக்கா, வாரேனுங்க.”

‘ங்க’ இருக்கிறது. இது அவளேதான். ஆனால் என்ன சொல்கிறாள்? நம் ஊரில் வருகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், விடைபெறுகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். என்னிடம் வரப்போகிறாளா, ஒரேயடியாகப் போகப்போகிறாளா? நேற்றிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

போன தடவை இரண்டு எழுத்து இல்லாததைப் பார்த்தும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். இந்தத் தடவை இருக்கமாட்டேன். இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றைப் பத்திரிகைக்குத் தபாலில் போட்டுவிட்டு, காலை பஸ்ஸில் கொடுமுடிக்குப் போகிறேன். தனியாகப் போகவில்லை, அம்மாவும் வருகிறாள், சென்டரில் உன்னோடு படித்த ஆறு பேரும் வருகிறார்கள். அந்த வீட்டு வாசலில் நின்று, கவிதா வெளியே வந்து “வாங்க” என்று சொல்லும்வரை நகரமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னிடம் மட்டும் ‘வாரேன்’ என்று சொல்லக்கூடாது. சொல்லாமலே எழுந்துகொள்கிறேன்.

உன்னைத் தனியா அனுப்பிவைத்த,
உன் கூடப் பிறந்தவள்,
சுமதி அக்கா