மாநரகாட்சி மேயர் அவர்களுக்கு

மார்ச் 4
பகலில் பல்கலைக்கழக நகரவியல் துறை அலுவலகத்தில் தட்டச்சு. மாலை ஆறு மணிக்கு அதே கட்டடத்தில் மாடி ஏறினால் மாணவி. நாற்பத்து மூன்று வயதில் இரண்டாம் ஆண்டு! இன்றைக்குக் குண்டைத் தூக்கிப் போட்டார்கள். ஊர் உலகத் தரத்துக்கு உயரப்போகிறதாம். அதனால் பல்கலைக்கழகம் விமான நிலையத்துக்கும் அப்பால் போகிறதாம், இங்கே கண்ணாடிக் கோபுரங்கள் வருமாம். இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேர்வதற்குள் வகுப்பு முடிந்துவிடும். அப்போ என் மூன்றாம் ஆண்டு? அம்போதானா?

மார்ச் 9
எங்கள் துறைப் பேராசிரியர் மேயருக்கு அறிக்கை எழுதுகிறார். பல்கலைக்கழகம் ஊர் நடுவில் இருந்தால்தான் ஊரும் வளரும் என்கிறார். "புள்ளிவிவரம் நான் பாத்துக்கறேன். மாலை வகுப்புக்கு யார் யார் வர்றாங்கன்னு நீங்க எழுதுங்கம்மா" என்றார். எழுதினேன். இரவுப் பணிக்குக் கிளம்பும் நர்ஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், வேறு நாட்டிலிருந்து வந்து நம் மொழியில் தட்டுத்தடுமாறிக் கேள்வி கேட்கும் வெல்டர். 'உலகம் ஏற்கெனவே வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது' என்றும் ஒரு வரி. பேராசிரியர் அதை வெட்டவில்லை!

மார்ச் 15
ஐம்பது பிரதி அச்சாகி மேயர் அலுவலகத்துக்குப் போய்விட்டது. அப்பாடா.

மார்ச் 16
ஐயோ. ஐயோ.
பேராசிரியர் தந்த பக்கங்களில் ஓரிடத்தில் 'நகரம்' என்பது 'நரகம்' என்று இருந்தது. ஒன்று இருந்தால் இன்னும் இருக்குமே என்று, மொத்தமாக மாற்றும்படி கம்ப்யூட்டரிடம் விட்டேன். 'நகரத்தில்', 'நகரத்துக்கு' எல்லாம் சிக்கட்டும் என்று முதல் மூன்று எழுத்து மட்டும். தப்பானதை மேல் கட்டத்தில் போட வேண்டும், சரியானதைக் கீழே. நான் இடம் மாற்றிப் போட்டுத் தொலைத்திருக்கிறேன். உலக நரகம். வளரும் நரகம். முகப்பிலேயே கொட்டை எழுத்தில் 'மாநரகாட்சி மேயர் அவர்களுக்கு'. பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. என் படிப்புக்கு நானே வேட்டு வைத்துவிட்டேனே! வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "காலைல பஸ்ல போய்ப் பாரு, நீ போட்டதுதான் சரி." இந்த மனுஷனை என்ன செய்ய?

மார்ச் 22
மேயரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அறிக்கை, ஓரமெல்லாம் சிவப்பு மை.
"வர்ற அறிக்கையெல்லாம் முதல் பக்கத்தோட மூடிடுவேன். இதைத்தான் கடைசி வரைக்கும் படிச்சேன். என் ஊரை எந்தப் பக்கத்துல நரகம்னு நிரூபிக்கறீங்கன்னு தேடுனேன், கெடைக்கவே இல்ல!"
சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது. பிறகு, "அந்த பெஞ்சு விஷயம் யார் எழுதினது?" என்றார். பேராசிரியர் என்னைக் கைகாட்டினார்.
"சாயங்காலம் வரேன்."
வந்தார். வெல்டருக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

ஜூன் 30
ஆய்வுக்கூடங்கள் வெளியே போகின்றன. மாலை வகுப்புகள் இங்கேயே. கோபுரத்தில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 8
மூன்றாம் ஆண்டு, முதல் நாள். வருகைப் பதிவில் என் பெயர் வந்ததும் "உள்ளேன் ஐயா!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆசிரியர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.