விரட்டி ஆறும் பிரகாசியின் துண்டும்

இந்தப் பதிவை எடுத்துப் படிக்கும் ஐயாமாருக்கு: நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான்.
எசக்கிமுத்து, பறவை விரட்டும் பிரிவு, விமான நிலையக் கோபுரம். படிப்பு ஒன்பதாவது, அனுபவம் விஞ்ஞானி அளவுக்கு.

2 மார்ச் 2071, காலை 6.10
பருந்து பதினொன்று. எங்கள் பன்னிரண்டு பறவை விரட்டி இயந்திரங்களில் ஆறாவது, விரட்டி ஆறு, தன் கதிரால் பதினொன்றையும் பொசுக்கியது. ஒரு பருந்து உள்ளே போனாலே இன்ஜின் விசிறி நொறுங்கும். நாற்பது பருந்து போன இன்ஜினைக் கையால் பிரித்துப் பார்த்தவன் நான். இயந்திரம் நல்ல இயந்திரம்தான். ஆனால் அசைந்து படபடப்பதெல்லாம் அதற்குச் சிறகு.

5 மார்ச், காலை 9.40
ஓடுபாதையில் ஆணி, கல் பொறுக்குகிறவள் பிரகாசி. பருந்தைக் கண்டால் தோள் துண்டை வீசி விரட்டுவாள். ஒருநாள் விரட்டி அவளையும் பருந்தாக எண்ணிவிடும் என்று விரட்டிகளைக் கவனிக்கும் இன்ஜினியருக்கு ரேடியோவில் சொன்னேன்.
"அண்ணாச்சி, ஒன்பதாங்கிளாஸ் மூளைக்கு இவ்வளவு வேலை குடுக்காதீங்க."
கோபுரமே சிரித்தது. பிரகாசியும் சிரித்தாள்.

9 மார்ச், பகல் 11.52
விமானம் இறங்க எட்டு நிமிடம். உள்ளே நூற்றெண்பது பேர். பாதை நடுவே ஒரு போல்ட். பிரகாசி ஓடினாள். பாதையில் ஆள் இறங்கினால் விரட்டியை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் என் மேசையில்.
"அண்ணாச்சி, நிறுத்திட்டீயளா? என்னயும் பருந்துன்னு சுட்டுறப் போவுது!"
"நிறுத்தியாச்சு தாயி, போ."
அழுத்தினேன். மூன்று முறை. பொத்தான் செத்துக் கிடந்தது. தலைக்கு மேல் ஒரு பருந்து வந்தது. துண்டை வீசினாள். விரட்டி ஆறு அவள் பக்கம் திரும்பியது.

11.54
போல்ட் அவள் கையிலேயே இருந்தது. ஆறு நிமிடம் மிச்சம். பாதையைச் சுத்தம் செய்தோம். விமானம் நேரத்துக்கு இறங்கியது.

14 மார்ச், மாலை 4.00
விசாரணை முடிந்தது. பொத்தானின் கம்பி அறுந்திருந்ததாம். இன்ஜினியர் ரேடியோவில், எல்லோரும் கேட்க:
"அண்ணாச்சி, அன்னைக்கே சொன்னீங்க. மன்னிச்சிருங்க."
இனி பன்னிரண்டு விரட்டிகளுக்கும் நானே ஆலோசகர். பிரகாசியின் கணவன் அந்தோணி என் கையைப் பிடித்து அழுதான், மூன்று முறை அழுத்திப் பாத்தீங்களே என்று. ஐந்து முறை என்று சொல்லிவைத்தேன்.

20 மார்ச்
புதுக் கம்பி. பொத்தான் சோதனை. ஒரே தொடுதல், விரட்டி தலை கவிழ்ந்தது.
அன்றைக்கும் கவிழ்ந்திருக்கும்.
எழுதியதெல்லாம் நிஜம், ஒன்றைத் தவிர. மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை. விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. கம்பியை நான் பிடுங்கியது பிறகு. அழுத்தியிருந்தால் நான் சொன்னது பலித்திருக்குமா?