கண்ணாடித் தரைப் படகில் மூன்று இடம்

ஷெனெல்,

வறுத்த ரொட்டியும் உப்பு மீனும் அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். அம்மாவை எழுப்பிச் சாப்பிட வை. சாவியை வீட்டுக்கார மிஸ் எர்லினிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் பத்து மணிக்குள் பக்கூ படகுத்துறைக்கு வந்துவிடுங்கள்.

டொபாகோவுக்கு ஊர்சுற்ற வந்த இடத்தில் நேற்று இரவு அப்படிச் சண்டை போட்டிருக்க வேண்டாம். படகு வேண்டாம், அருவிக்குத்தான் போகணும் என்று நான் அடம்பிடித்ததும், "எங்கம்மாவைக் கட்டிக்கிட்டா எனக்கு அப்பா ஆயிடுவீங்களா?" என்று கேட்டாய். விடிந்ததும் இடம் கேட்டுப் படகுக்காரர் கத்பர்ட்டைப் போய்ப் பார்த்தேன்.

"நேத்து மத்தியானமே உங்க பொண்ணு வந்துச்சே! 'எங்கப்பாவுக்கு நீச்சல் வராது, நடுக்கடல்ல இறக்கிவிடுற இடத்துல எவ்வளவு ஆழம்?'னு கேட்டுச்சு. அங்க மணல் திட்டுதான், தண்ணி இடுப்பளவுதான்னதும் சிரிச்சுக்கிட்டே ஓடிப்போச்சு" என்றார்.

நீச்சல் வராததை மறைக்கத்தானே அருவி, அருவி என்று கத்தினேன். உன்னிடம் யார் சொன்னது? அம்மாதானே?

மூன்று இடம் பிடித்துவிட்டேன். துறையில் காத்திருக்கிறேன்.

ரோலன்

பின்குறிப்பு: படகு ஏணியில் நீ முதலில் இறங்கு. நான் இறங்கும்போது கையைக் கொடு. கால் தரையில் பட்டதும் விட்டுவிடாதே, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நில்.