இடது பக்கம் திரும்பிய ஆல்ட்யே

ஹார்லிங்கன்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் ரென்ஸ்கேவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், கடல்காற்றுக்கு அவள் முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது. நீ சுகமா என்று கேட்க மாட்டேன், உன் கடிதத்திலேயே தெரிகிறது. நீயும் உன் கூட்டாளிகளும் வான்கூவரில் செய்யும் மலிவுச் செயற்கைக் கைக்குச் சந்தையே இல்லை, அவரவர் வேலைக்கேற்ப நுனியை மாற்றிப் பொருத்துவதையெல்லாம் விட்டுவிட்டு அசல் போலத் தெரிகிற விலை உயர்ந்த கையாகச் செய்தால்தான் பணம் போடுவேன் என்கிறாராம் உங்கள் தொழிலுக்கு முதல் போட வந்த அந்த மனிதர். அவர் ஒப்பந்தத்தில் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். கோபித்துக்கொள்ளத்தான் செய்வேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்வித்தாளில் வேண்டாம் என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். இறால் படகு என் வலது கையை வாங்கிக்கொண்டு பதினோரு வருஷமாகிறது, என்னிடம் போய்த் தோல் நிறம் எது, எத்தனை விரல் அசைய வேண்டும், நகம் வேண்டுமா என்று கேட்டால்? நகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அந்த எரிச்சலில் நீ எனக்கென்று செய்து அனுப்பிய மாதிரிக் கையையும் பெட்டியோடு அலமாரி மேல் போட்டுவிட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும் வெட்கமாக இருந்தது. சந்தை ஆய்வு என்கிறாரே, அவர் ஒரு நாளாவது சந்தைக்கு வந்திருப்பாரா என்று அம்மாவிடம் பொருமினேன். அதற்கு அவள், "நீங்கதான் வாரம் ரெண்டு நாள் அங்க மீன் விக்கிறீங்களே, நீங்களே ஆராய வேண்டியதுதான" என்றாள்.

நேற்று சனிக்கிழமை அந்த மாதிரிக் கையைக் கடையில், மீனோடு கொடுக்கிற ஊறுகாய்க்கும் வெங்காயத்துக்கும் நடுவில் வைத்தேன். பக்கத்துப் பாலாடைக்கட்டிக் கடைக்காரன், இதுக்கும் வெங்காயம் தூவித் தருவியா என்று கேலி செய்தான். செய்யட்டும். மதியத்துக்குள் கையில்லாதவர்கள் மூன்று பேர் வந்துவிட்டார்கள், இந்தச் சின்ன ஊரில்! எல்லாரும் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நடந்தால் அந்த மனிதர் எப்படி எண்ணுவார்? ஒருத்தர்கூட நகம் கேட்கவில்லை. ஒருவருக்கு உருளைக்கிழங்கைப் பிடிக்க வேண்டும், ஒருவருக்குத் தூண்டிலைப் பிடிக்க வேண்டும், பழைய சைக்கிள் விலைக்குள் கிடைக்குமா என்று மூவருமே கேட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவள் சலவைக்கடை ஆல்ட்யே. பிறந்ததிலிருந்தே அவளுக்கு வலது கை கிடையாது. இது சைக்கிளப் பிடிக்குமா என்பதைத் தவிர வேறெதுவும் அவள் கேட்கவில்லை. இடது பக்கம் திரும்ப இடது கையை நீட்டிக் காட்டினால் கைப்பிடியைப் பிடிக்க வேறு கை இல்லை, அதனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவாளாம், இல்லையென்றால் வலது, வலது, வலது என்று மூன்று தெரு சுற்றுவாளாம். "அம்பத்திரண்டு வயசாச்சு சீட்சே, ஓட்டிக்கிட்டே எடது பக்கம் நான் திரும்புனதே இல்ல" என்றாள். கை போன நாளிலிருந்து நானும் சைக்கிளைத் தொடவில்லை, அதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும்தான். சொல்லாததை நீ எப்படிக் கேள்வித்தாளில் போடுவாய்?

கொக்கி நுனியைப் பொருத்தி, வாரை அவள் கை அளவுக்கு இழுத்துக் கட்டினேன். தன் சைக்கிளில் ஏறினாள். சந்தை முனையில் இடது கையை ஊரே பார்க்கும்படி நீட்டினாள், இடது பக்கம் திரும்பினாள், திரும்பி வரவில்லை. கடை கட்டும்வரை பார்த்தேன். சாயங்காலம் போன் செய்தால் நாளைக்குத் தருகிறேன் என்றாள். இன்றும் வரவில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

அந்த மனிதரிடம் இதைச் சொல். சந்தை இல்லை என்றீர்களே, எங்கள் கையைச் சந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று சொல். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதே; தபால் அதற்குள் வந்து சேராது என்று அம்மா இந்தக் கடிதத்தைப் படம்பிடித்துப் போனில் அனுப்புகிறாள். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொள். நீ எடுத்த காரியம் ஜெயிக்கும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் எனக்கு இன்னொரு கை செய்து அனுப்பு, சைக்கிள் கொக்கியோடு. விழுந்தால் கழன்றுகொள்ள வேண்டும், ஏனென்றால் நான் விழுவேன்.

இடது கையால் ஒப்பமிடும்
உன் அப்பா சீட்சே