முன்விசிறி கழலாமல் நின்றது

1946 பிப்ரவரி 10, ஞாயிறு

தம்பி ஜோசப் செய்த சின்ன மாதிரி விமானம் இன்று பறந்துவிட்டது. என் கையில் இன்னும் பெட்ரோல் வாசம், சோப்புக்கும் போகவில்லை.

காலையில் மோட்டார் ஓடத் தொடங்கியதுமே முன்விசிறி கழன்று தெறித்து உடைந்தது. இனி கையிருப்பில் வேறு விசிறி ஒன்றுதான். நாளை அவன் பெங்களூருக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். முகம் சுண்டி உட்கார்ந்துவிட்டான்.

உடைந்ததை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. "விசிறி வழுக்குதுடா. அதான் நட்டும் தளருது," என்றேன். உப்புத்தாளை வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, புது விசிறிக்குப் பின்னால் வைத்தேன். அவன் ஸ்பேனரால் இறுக்கினான்.

"அக்கா, தள்ளி நில்லு!"

மோட்டார் உறுமியது. விசிறி கழலவில்லை. விமானம் மைதானத்துக்கு மேலே ஏறி வட்டமடித்தது. பந்தாடிக்கொண்டிருந்த கன்னடப் பிள்ளைகள், பறந்துவிட்டது என்பதை, "ஹாரித்து! ஹாரித்து!" என்று கத்தினார்கள். நானும் கன்னடத்தில்தான் கத்தினேன் போலிருக்கிறது.

இறங்கும்போது ஓர் இறக்கை ஒடிந்தது. ஜோசப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. விசிறியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இப்போ கழட்டவே வரமாட்டேங்குது, அக்கா!" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தான்.