கோயில் வாசலில் லக்சா

பினாங்கு,
7 ஜூன் 1998

பிரியமுள்ள ஸின் மாருக்கு,

நலம். மோல்மேனில் மழை பிடித்துவிட்டதா? ஐஸ் ஆலையில் எனக்குப் பகல் வேலைதான். மீன்பிடிப் படகுகள் வந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு போகும்வரை இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அப்புறம் ஊர்சுற்றல்தான்.

ஞாயிறன்று பர்மா சந்துக்குப் போனேன். ஒரு பக்கம் நம் பர்மாக்காரர்கள் கட்டிய கோயில், எதிரே தாய்லாந்துக்காரர்களுடையது. அங்கே புத்தர் படுத்திருக்கிறார், தலையிலிருந்து கால்வரை தங்கமாக மின்னுகிறாராம். வாசலில் ஆ லான் என்ற சீனத்து அம்மாள் லக்சா விற்கிறாள். நம் மொஹிங்கா போல மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ்தான், ஆனால் புளி தூக்கல். மேலே புதினாவும் அன்னாசியும். முதல் வாய்க்கே முகம் சுளித்துவிட்டேன். "என்ன தம்பி, உங்க ஊர்ல புளியே கிடையாதா?" என்று சிரித்தாள். ரோஷத்தில் இன்னொரு கிண்ணம் வாங்கினேன்.

அடுத்த வாரம் குன்றின் மேல் இருக்கும் சீனக் கோயில். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
மியாத் சோ


மோல்மேன்,
2 ஜூலை 1998

அன்புள்ள கோ மியாத் சோவுக்கு,

பக்கத்து வீட்டு டோ சான் யீ வந்திருந்தபோது உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "உன் வீட்டுக்காரனுக்கு நாக்கு மட்டும் நல்லா வேலை செய்யுது, போ" என்றார். சிரித்தேன். அவர் போனதும் அழுதேன்.

அங்கே போனதிலிருந்து நீங்கள் எழுதியதையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். சென்டோல் என்கிற இனிப்பு இருக்கிறது, பாம்புக் கோயில் இருக்கிறது. நே லின் எங்கேயும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலேயே நம் பிள்ளை நம்மை விட்டுப் போய், வருகிற ஆகஸ்டோடு ஒரு வருடம் ஆகிறது. டெங்குக் காய்ச்சல் கொண்டுபோனதற்கு நீங்களும் நானும் என்ன செய்திருக்க முடியும்? பெயரையாவது சொல்லலாம் இல்லையா? அவனைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் வெளிநாட்டு வேலை என்று கிளம்பினீர்கள். நான் தடுக்கவில்லை.

ஆகஸ்ட் பதினாறில் பிக்குகளுக்கு அன்னதானம் வைத்திருக்கிறேன். புண்ணியம் பிள்ளைக்குச் சேர, அவன் பெயரைச் சொல்லித் தண்ணீர் வார்க்க வேண்டும். வாருங்கள். நாம் இருவரும் சேர்ந்து வார்ப்போம்.

உங்கள்,
ஸின் மார்


பினாங்கு,
25 ஜூலை 1998

பிரியமுள்ள ஸின் மாருக்கு,

மீன் வரத்து அதிகம், இப்போது விடுமுறை கிடைப்பது கஷ்டம். நீயே குறைவில்லாமல் நடத்திவிடு.

குன்றுக் கோயிலுக்குப் போய்வந்தேன். குளம் நிறைய ஆமைகளாம், வருகிறவர்கள் கீரை வாங்கிப் போடுகிறார்கள். படிக்கட்டின் கீழே ஒருவர் ஆப்பம் சுடுகிறார், நடுவில் வாழைப்பழம் வைத்து. உனக்குப் பிடிக்கும்.

ஆ லான் என்னை விடுவதில்லை. "கோயிலுக்கு வர்றவன் என் கடையிலயே உட்கார்ந்து எந்திரிச்சுப் போனா, சாமி கிண்ணம் எடுத்துக்கிட்டு இறங்கி வருமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறாள். நல்ல வாய்க்காரி.

குடையில்லாமல் வெளியே போகாதே.

உன்,
மியாத் சோ


மோல்மேன்,
20 ஆகஸ்ட் 1998

கோ மியாத் சோவுக்கு,

அன்னதானம் நல்லபடியாக முடிந்தது. பெரிய பிக்கு, "தகப்பன் எங்கேம்மா?" என்று கேட்டார். "வேலைல இருக்கார்" என்றேன். தண்ணீர் வார்க்கும்போது டோ சான் யீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

உங்களோடு வேலை செய்யும் தூயா விடுமுறையில் வந்தவன் பார்க்க வந்தான். "கேட்டா முதலாளி லீவு குடுத்திருப்பாரே அக்கா, அண்ணன் கேக்கவே இல்லையே" என்றான். பாவம், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எனக்குக் கோபம் இல்லை. பேச ஆளில்லாமல் என் குரலே எனக்கு அந்நியமாகிவிட்டது. தவாயில் அண்ணன் வீட்டுக்கு அருகே இருக்கும் பள்ளிக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன்.

ஸின் மார்


பினாங்கு,
6 செப்டம்பர் 1998

ஸின் மார்,

தூயா சொன்னது நிஜம். இன்னொன்றும் சொல்கிறேன். நான் எழுதிய எந்தக் கோயிலுக்குள்ளும் நான் போனதில்லை. வாசல்வரை போவேன். உள்ளே ஓதும் சத்தம் கேட்டதும் கால் நின்றுவிடும். கடையில் உட்கார்ந்து சாப்பிடுவேன், வெளியே வருகிறவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு உனக்கு எழுதுவேன். சாப்பிட்டது மட்டும்தான் பொய்யில்லை.

இன்று ஆ லானிடம் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். "எந்திரி. நான் வாசல்லயே நிக்கிறேன், நீ போ" என்றாள். நம் கோயிலுக்குள் போனேன். பிக்கு தண்ணீர் வார்க்கும் கிண்ணத்தை எடுத்துவைத்து, "யாருக்குப்பா?" என்று கேட்டார். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார். பிறகு சொன்னேன். நே லின். என் மகன் நே லின். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சாது, சாது என்று வாழ்த்திப் புண்ணியத்தில் சேர்ந்துகொண்டார்கள். தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

விடுமுறை கேட்டுவிட்டேன். மாதக் கடைசியில் வருகிறேன். வீட்டைக் காலி செய்யாதே.

மியாத் சோ


தவாய்,
24 செப்டம்பர் 1998

கோ மியாத் சோவுக்கு,

மாற்றல் சீக்கிரமே கிடைத்துவிட்டது. உங்கள் கடிதத்தை டோ சான் யீதான் இங்கே அனுப்பிவைத்தார்.

நீங்கள் அழுதது எனக்கு நிம்மதி. மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பெயரை உங்கள் வாயால் கேட்க ஒருத்தி ஒரு வருடம் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் கேட்டுவிட்டார்கள். இனி நீங்கள் வந்து சொன்னாலும், அதைக் கேட்கிற தெம்பு என்னிடம் இல்லை. இங்கே வர வேண்டாம். மோல்மேனுக்குப் போய் அவனைப் புதைத்த இடத்தைப் பாருங்கள். மழைக்குப் புல் மண்டியிருக்கும்.

அந்த ஆ லான் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

புது வகுப்பில் ஒரு சிறுமி, "டீச்சர், உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள். ஒரு பையன் என்றேன். "எத்தனாவது படிக்கிறான்?" என்றாள்.

இரண்டாவது என்று சொல்லிவிட்டேன்.

ஸின் மார்